வந்த மரமும் தந்த பெயரும்

(உழவர் கூட்டமொன்றில் முந்திரியைப் பற்றி நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டு உழவனை வாழ்விக்கும் கொட்டை மரங்கள் மூன்று. தெங்கு ஒன்று, கமுகு ஒன்று, முந்திரி ஒன்று. தொல்காப்பியர் வகுத்த மரபுப்படி பார்த்தால், தெங்கும் கமுகும் புறத்தே வன்மையும் அகத்தே மென்மையும் உடையன. ஆதலின் அவை புல்லினம். முந்திரியோ அகத்தே வயிரம் பாய்ந்தது. ஆதலின் அதுவே மரம். தெங்கும் கமுகும் கழக இலக்கியக் காலத்திலேயே தமிழ்மண்ணில் வேரூன்றி நின்றவை. முந்திரி அத்தகையதன்று. அது கடல் கடந்து வந்த மரம். அதன் பிறந்தகம் தென்னமெரிக்காவில் உள்ள பிரேசில் நாட்டின் வடகிழக்குக் கரை. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அதனைக் கப்பலேற்றி இந்தியாவின் மேலைக்கரையில் இறக்கினர். கடலோர மண் அரித்துப்போகாமல் காக்கும் பொருட்டே முதலில் நட்டனர் என்பர். கொட்டையின் அருமையை உலகம் அறிந்தது பின்னரே.

வந்த மரம் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இம்மண்ணிலே நின்று, கடலூர், விழுப்புரம், அரியலூர், புதுக்கோட்டை, சிவகங்கை, குமரி மாவட்டங்களில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றது. நெல் விளையாத செம்மண் மேட்டிலும், தென்பாண்டி நாட்டுத் தேரிமணலிலும் அது பசுமை காட்டுகின்றது. அம்மரத்தின் பெயரும், அதன் பயிர்நெறியும், பயனும், அதனை நம்பி வாழ்வோர் நிலையும் ஆகிய நான்கையும் ஒருங்கே காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

பெயர் வந்த வழி

வேற்று நாட்டுப் பொருளொன்று வந்தால் அதன் வேற்றுப்பெயரையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்வார் பலர். 'பொருள் அவர்களுடையது, பெயர் மட்டும் நமக்கு எதற்கு?' என்று எள்ளுவாரும் உளர். அவர்களுக்குத் தமிழ்நாட்டு உழவனும் உழத்தியும் நெடுங்காலத்திற்கு முன்பே விடை கூறிவிட்டனர். அமெரிக்கக் கண்டத்தினின்று வந்த காரமான காயைக் கண்டதும், தாம் முன்பே அறிந்த மிளகின் உறைப்பை அதில் கண்டு, 'மிளகாய்' என்றனர். அதே கண்டத்தினின்று வந்து மண்ணுக்குள் காய்க்கும் பயற்றை 'நிலக்கடலை' என்றனர். எந்தக் கலைச்சொல் குழுவும் கூடி ஆக்கிய சொற்கள் அல்ல இவை. வயலில் நின்ற மக்கள் கண்ணால் கண்டு, கையால் தொட்டு, நாவால் சுவைத்து இட்ட பெயர்கள்.

முந்திரிக்கும் அவ்வாறே நிகழ்ந்தது. 'முந்திரி', 'முந்திரிகை' என்னும் சொற்கள் இம்மரம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தமிழில் இருந்தவை. பழந்தமிழர் கணக்கில் முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர். அந்த முந்திரியையும் முந்நூற்றிருபது கூறாக்கின் அதில் ஒரு கூறு கீழ்முந்திரி. அஃதாவது 1,02,400இல் ஒரு பங்கு. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலவளவு கூறுமிடத்து இக்கீழ்வாய் எண்கள் பயில வருகின்றன. கொடியில் குலைகுலையாய்க் காய்க்கும் பழத்திற்கும் முந்திரிகை என்னும் பெயர் வழங்கிற்று. பின்னர் வந்த மரத்திற்கும் அப்பெயரே சார்த்தப்பட்டபொழுது, மயக்கம் நேராவண்ணம் மக்கள் அடைமொழி தந்தனர். கொடியில் காய்ப்பது கொடிமுந்திரி. மரத்தில் காய்ப்பது மரமுந்திரி. கொட்டையால் சிறப்பது கொட்டைமுந்திரி. ஈழத்தமிழர் இன்றும் இதனை மரமுந்திரிகை என்றே வழங்குவர். ஓர் அடைமொழியால் இருவேறு பொருள்களைப் பிரித்துக் காட்டும் இத்திறம் தமிழுக்கு இயல்பானது. இதனை மறந்து கொடிமுந்திரியைத் 'திராட்சை' என்றும், அதன் வற்றலைக் 'கிசுமிசு' என்றும் வழங்கத் தலைப்பட்டதனாலேயே முன்னைய பெயரின் பொருத்தம் இன்று பலருக்குப் புலனாவதில்லை.

தென்கோடித் தமிழர் இம்மரத்தைக் 'கொல்லாமா' என்பர். பழத்தைக் கொல்லாம்பழம் என்பர். கொட்டையைக் கொல்லாங்கொட்டை என்பர். மலையாளத்தில் 'பறங்கிமாவு' என்றொரு பெயர் உண்டு. இரண்டிலும் 'மா' என்னும் சொல் நிற்பதை நோக்குக. இலையைக் கசக்கி முகர்ந்தும், பூங்கொத்தைப் பார்த்தும், கிளையைக் கீறிப் பாலைக் கண்டும், இது மாவின் இனம் என்று உழவர் உணர்ந்தனர். இன்றைய நிலைத்திணை அறிவியலும் மாமரத்தையும் முந்திரியையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்துள்ளது. ஏட்டறிவு வகுத்த உண்மையைப் பட்டறிவும் தன் வழியில் கண்டதென்பது இதனால் விளங்கும்.

இன்னுமொன்று. சுவீடன் நாட்டு அறிஞர் இலின்னேயசு 1753இல் இதற்கு 'அனகார்டியம் ஆக்சிடெண்டேல்' என்று இலத்தீனில் பெயரிட்டார். அனகார்டியம் என்பது அதற்கு முன் மேலைநாட்டு மருந்துக் கடைகளில் நம் சேங்கொட்டைக்கு வழங்கிய பெயர். வண்ணார் துணிக்குக் குறியிடவும், சித்த மருத்துவர் தூய்மை செய்து மருந்தாக்கவும் பயன்படுத்தும் அதே சேங்கொட்டைதான். ஆக்சிடெண்டேல் என்றால் மேற்றிசைக்கு உரியது. ஆகவே அவ்விலத்தீனப் பெயரின் கருத்து 'மேலைச் சேங்கொட்டை' என்பதே! புதியதைக் கண்ட மேலையறிஞரும் பழையதன் பெயரை அடியாகக் கொண்டே பெயரிட்டனர். தமிழர் அவ்வாறு செய்தால் மட்டும் அது குறுகிய மனப்பான்மையாகி விடுமா?

இனி, நகரத்துக் கடைகளில் 'கேசியூ' என்றும் 'காசு' என்றும் வடக்கத்திய ஒலிப்பில் 'காஜூ' என்றும் எழுதி வைத்திருக்கின்றனரே, அச்சொல் எங்கிருந்து வந்தது? பிரேசில் நாட்டுப் பழங்குடியினரான துப்பி மக்கள் இம்மரத்தை 'அகாயு' என்பது போன்ற ஒலியால் அழைத்தனர். அதனைப் போர்த்துக்கேயர் 'கழு' என்பதுபோல் திரித்தனர். அதனின்று ஆங்கிலர் ஒரு வடிவமும், இந்தியர் ஒரு வடிவமும், மலையாளியர் 'கசுமாவு' என்றொரு வடிவமும் பெற்றனர். ஆங்கிலம் என்று எண்ணிப் பெருமையோடு சொல்லப்படும் அச்சொல் ஆங்கிலச் சொல்லும் அன்று. துப்பி மக்கள் தம் மரத்துக்குத் தம் மொழியில் பெயரிட்டது அவர்களுக்குப் பெருமை. கீழை ஆப்பிரிக்காவில் சுவாகிலி மொழியார் இதனைக் 'கொரோசோ' என்று தம் வழக்கில் சொல்வது அவர்களுக்குப் பெருமை. முந்திரி என்று சொல்வதே தமிழர்க்குப் பெருமை.

கனிந்தது கனியன்று

முந்திரியைப் பார்த்தோர் வியப்பது, விதை பழத்திற்கு வெளியே தொங்குவதை. உண்மை என்னவெனில், வெளியே தொங்கும் கொட்டைதான் அம்மரத்தின் காய். மஞ்சளாகவும் சிவப்பாகவும் பருத்துச் சாறு நிறைந்து நிற்பது காய்க்கு மேலுள்ள காம்பு. காம்பே கனிந்து பழம்போல் தோற்றம் அளிக்கின்றது. முதலில் கொட்டை வளர்ந்து முழு அளவு பெறும். அதன் பின்னரே காம்பு திரளத் தொடங்கும். பிஞ்சுப் பருவத்தில் பச்சைக்கொட்டை பெரிதாகவும் காம்பு சிறிதாகவும் இருப்பதை எவரும் காணலாம்.

ஒரே பூங்கொத்தில் ஆண்பூக்களும் இருபாற்பூக்களும் கலந்திருக்கும். ஆண்பூக்களே மிகுதி. ஆதலின் கொத்து நிறையப் பூத்தாலும் காயாவன சிலவே. தேனீ, எறும்பு, ஈ முதலிய சிற்றுயிர்கள் மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றன. அவற்றை அழித்துவிட்டு விளைச்சலை எதிர்பார்ப்பது வேரை வெட்டிவிட்டு நிழலைத் தேடுவதாகும்.

இம்மரத்தின் வன்மைக்கு ஒரு சான்று. பிரேசிலில் நத்தால் நகருக்கு அருகே ஒற்றை முந்திரிமரம் ஏறத்தாழ 8,000 சதுர மீட்டர் பரப்பைக் கவிந்து நிற்கின்றது. அஃதாவது இரண்டு ஏக்கர் அளவு. கிளைகள் தம் பளுவால் தாழ்ந்து நிலத்தைத் தொட, தொட்ட இடத்தில் வேர் விட்டு, மீண்டும் எழுந்து படர்ந்ததால் அம்மரம் ஒரு தோப்பாகவே காட்சி தருகின்றது.

நிலமும் நடவும்

முந்திரி எளிய நிலத்தில் வளரும் என்பது உண்மை. அதனாலேயே 'நட்டுவிட்டால் போதும்' என்னும் தவறான எண்ணமும் ஊன்றிவிட்டது. செம்மண், செம்புரைக்கல் மண், மணற்பாங்கான நிலம் ஆகியவை ஏற்றவை. நீர் தேங்கும் களிநிலமும் உவர்நிலமும் ஆகா. கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டர் உயரம் வரையில் நன்கு விளையும். பூக்கும் பருவத்தில் வறண்ட வானிலை வேண்டும். அப்பொழுது மழையோ கடும்பனியோ பெய்தால் பூ கருகும்.

முன்னாளில் கொட்டையை நேரே ஊன்றினர். அவ்வாறு ஊன்றுவோரும் கொட்டையை நீரிலிட்டு, மிதப்பதைத் தள்ளி, மூழ்குவதையே விதையாகக் கொண்டனர். ஆயினும் விதையால் வந்த கன்று தாயைப் போல் காய்க்கும் என்பதற்கு உறுதியில்லை. இன்று இளந்தண்டு ஒட்டுக் கன்றுகளே சிறந்தவை. விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. 1 முதலாக வெளியிட்ட வகைகளுள் வி.ஆர்.ஐ. 3 உழவரிடம் நன்கு பரவியுள்ளது. கருநாடக மாநிலத்துப் புத்தூரில் 1986 முதல் இந்திய அளவிலான முந்திரி ஆராய்ச்சி நடுவமும் இயங்கி வருகின்றது.

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி எடுத்து, மேல்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பி, மழைக்காலத் தொடக்கத்தில் கன்று நடுக. ஏழு மீட்டருக்கு ஏழு மீட்டர் இடைவெளி விட்டால் எக்டேருக்கு 204 கன்றுகள் நிற்கும். அடர்நடவில் ஐந்து மீட்டருக்கு நான்கு மீட்டர் விட்டு 500 கன்றுகள் வரை நடுவர். ஆனால் ஆண்டுதோறும் கவாத்துச் செய்யும் உறுதி உடையவரே அதனை மேற்கொள்ள வேண்டும். ஒட்டுப்பகுதிக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்பொழுது கிள்ளி எறிக. முதலிரண்டு ஆண்டுகளில் வரும் பூவை ஆசைக்காக விட்டுவைக்காமல் அகற்றுக. மரம் உடல் தேறுவதற்கு அதுவே வழி. மரம் சிறிதாயிருக்கும் காலத்தில் இடைவெளியில் நிலக்கடலை, உளுந்து, மரவள்ளி ஆகியவற்றைப் பயிரிட்டு வருவாய் காணலாம்.

முந்திரி, வெயில்படும் கிளைநுனியில்தான் பூக்கும். எனவே அறுவடை முடிந்ததும் காய்ந்த கிளையையும், ஒன்றையொன்று உரசும் கிளையையும், உள்ளே இருள் சூழச் செய்யும் கிளையையும் நீக்கி ஒளி புகச் செய்ய வேண்டும். தை, மாசியில் பூத்துப் பங்குனி முதல் வைகாசி வரையில் கொட்டை விழும். மரத்தை உலுக்கியும் தொரட்டியால் பறித்தும் எடுக்கும் கொட்டை முற்றாதது. அதன் பருப்பு சுருங்கும். தானாக விழுந்ததைப் பொறுக்கி, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்தி, ஈரமற்ற இடத்தில் சேர்த்து வைப்பவனுக்கே நல்ல விலை கிடைக்கும்.

பகைவர் இருவர். ஒன்று தண்டுதுளைப்பான். மரத்தின் அடியில் துளையும், துளையினின்று மரத்தூளும் பிசினும் வெளிப்பட்டால் உள்ளே புழு குடைகின்றது என்று பொருள். தொடக்கத்திலேயே பட்டையைச் செதுக்கிப் புழுவை எடுத்துக் கொன்றால் மரம் பிழைக்கும். இலை மஞ்சளிக்கும் வரை வாளாவிருந்தால் பிழையாது. மற்றொன்று தேயிலைக் கொசு எனப்படும் நாவாய்ப்பூச்சி. இளந்தளிரிலும் பூங்கொத்திலும் சாற்றை உறிஞ்சிக் கருகச் செய்யும். இதற்கு மாற்று முசுறு எறும்பு. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் அச்செவ்வெறும்பு, பூச்சிகளைத் தாக்கி மரத்தைக் காக்கும். முசுறு குடியிருக்கும் முந்திரியில் பூச்சித்தீங்கு குறைவதை ஆத்திரேலியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. கடிக்கும் என்பதற்காக அதனைத் தீயிட்டு எரிப்பது காவலனைக் கொன்று கள்வனுக்கு வழிவிடுவதாகும்.

காசர்கோடு தந்த படிப்பினை

இத்தேயிலைக் கொசுவை ஒழிப்பதாகச் சொல்லிக் கேரளத்தின் காசர்கோட்டில் நடந்த கொடுமையை உழவர் எவரும் மறத்தலாகாது. அங்கு அரசுசார் நிறுவனத்தின் முந்திரித் தோட்டங்கள் மீது 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரையில் எண்டோசல்பான் என்னும் நஞ்சை வானூர்தியிலிருந்து தூவினர். குன்றின்மேல் தோட்டம், குன்றின்கீழ் ஊரும் ஓடையும் கிணறும். மழை பெய்தபொழுது நஞ்சு எங்குச் சென்றிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? உடற்குறையோடும் மூளைக்குறையோடும் பிறந்த மழலைகளைப் பெற்ற தாய்மாரின் துயரம் உலகின் காதை எட்டப் பல்லாண்டுகள் ஆயின. 2011இல் இந்திய உச்ச நயன்மன்றம் அந்நஞ்சுக்குத் தடை விதித்தது. 2017இல் பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் ஐந்து இலக்கம் உரூபா இழப்பீடு வழங்குமாறு கேரள அரசுக்கு ஆணையிட்டது. பணம் வந்தாலும் இழந்த உடல்நலம் வருமா? ஒரு பூச்சியைக் கொல்ல ஒரு தலைமுறையை வருத்திய அவ்வழி இனி எந்த மண்ணிலும் வேண்டா.

உடைக்கும் கைகள்

முந்திரிப்பருப்பை வாயில் இடுவோர் அதனை உடைத்த கையை நினைப்பதில்லை. கொட்டையின் ஓடு இரண்டு அடுக்காய் இருக்கும். இடையே தேன்கூடு போன்ற கண்ணறைகளில் ஒருவகை எண்ணெய் உறைந்திருக்கும். தோலில் பட்டால் வெந்து கொப்புளிக்கும். சேங்கொட்டை எண்ணெய்க்கு உள்ள அதே குணம்! பருப்பைக் காக்க இயற்கை வைத்த அரண் அது.

அவ்வரணை உடைக்கக் கொட்டையை முதலில் வறுக்கின்றனர் அல்லது நீராவியில் வேகவைக்கின்றனர். வறுக்கும்பொழுது ஓட்டெண்ணெய் கசிந்து தீப்பற்றிக் கரும்புகை எழும். பின் ஒவ்வொரு கொட்டையாக உடைத்தோ வெட்டியோ பருப்பு முழுமை குன்றாமல் எடுக்க வேண்டும். பிறகு சூட்டில் உலர்த்தி, மேலுள்ள செந்தோலை உரித்து, அளவு பார்த்துப் பிரிக்க வேண்டும். பண்ணுருட்டிப் பக்கத்திலும் குமரி மாவட்டத்திலும் கொல்லத்திலும் இவ்வேலைகளைச் செய்வோர் பெரும்பாலும் பெண்டிர். விரல்நுனி கறுத்து, தோல் உரிந்து, சிலருக்குக் கைரேகையே தேய்ந்துவிடுகின்றது. சாம்பலையும் விளக்கெண்ணெயையும் பூசிக்கொண்டு உடைப்பதே அவர்கள் அறிந்த காப்பு.

'கையுறை தந்தால் அணிவதில்லை' என்று முதலாளிமார் குறை சொல்வர். ஏன் அணிவதில்லை? கூலி நாளுக்கு அன்று, உடைக்கும் எடைக்கு. கையுறை அணிந்தால் விரலின் விரைவு குறையும், பருப்பு உடைபடும், மாலையில் கூலி சுருங்கும். எரியும் கையா, எரியும் வயிறா என்னும் கேள்வியில் அத்தாய் வயிற்றுக்கே விடை சொல்கின்றாள். குற்றம் அவள்மேல் இல்லை. கூலியைக் கணக்கிடும் முறைமேல் உள்ளது.

பருப்பைத் தரம் பிரிக்கும் முறையிலும் ஒன்றைக் காணலாம். உலக வாணிகத்தில் முழுவெள்ளைப் பருப்புக்கு 'டபுள்யூ 180', 'டபுள்யூ 240', 'டபுள்யூ 320' என்று குறியீடு வழங்குகின்றனர். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதே அவ்வெண். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் உயர்வு. இவற்றுள் மிகுதியாக விற்பனையாவது 320. ஒரு பவுண்டில் முந்நூற்றிருபதில் ஒன்று, ஒரு பருப்பு! முந்நூற்றிருபதில் ஒன்றுக்குத் தமிழில் என்ன பெயர் என்பதை முன்னரே கண்டோம்: முந்திரி. இது தற்செயலாக அமைந்த ஒற்றுமையே. எனினும் தமிழ்மாணவர் கணக்கையும் சொல்லையும் ஒருங்கே நினைவிற்கொள்ள இதனினும் இனிய சான்று கிடைப்பதரிது.

ஆனால் இக்குறியீட்டின் பொருள், பருப்பை உரிக்கும் பெண்டிருக்கும் கொட்டையை விற்கும் உழவர்க்கும் எவரேனும் தமிழில் விளக்கியதுண்டா? முழுப்பருப்பு, பிளவு, துண்டு, குருணை என்று அவர்கள் தம் வழக்கில் சொல்லும் பெயர்கள் தொழிலகத்து ஏட்டில் ஏறுவதில்லை. தரத்தின் பெயர் அறியாதவன் விலையின் ஞாயத்தை அறியமாட்டான். மொழிச்சிக்கல் வயிற்றுச்சிக்கலாகும் இடம் இதுவே.

பருப்பும் பழமும் ஓடும்

பருப்பில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு புரதம். பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு. நான்கு கிலோ கொட்டை உடைத்தால் ஒரு கிலோவை ஒட்டியே பருப்பு கிடைக்கும். அதன் விலை உயர்வுக்கு இது ஒரு காரணம்.

பழத்தின் நிலை இரங்கத்தக்கது. கொட்டையைத் திருகி எடுத்தபின் பழத்தை மரத்தடியிலேயே அழுக விடுகின்றனர். கொட்டையின் எடையைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு எடையுள்ளது பழம். உயிரூட்டம் 'சி' அதில் நாரத்தையினத்துக் கிச்சிலிப்பழத்தைப்போல் பன்மடங்கு. தொண்டையைக் கரகரக்கச் செய்யும் துவர்ப்பு ஒன்றே குறை. சாற்றில் சவ்வரிசிக் கஞ்சியைச் சிறிதளவு கலந்து தெளியவிட்டால் துவர்ப்பு அடியில் படியும். மேலே நிற்கும் தெளிவைக் காய்ச்சிப் பருகுநீராகவும் பாகாகவும் ஆக்கலாம். பழத்தை உப்புநீரில் ஊறவைத்து ஊறுகாயாகவும் ஆக்கலாம். பிரேசிலில் தெளிந்த முந்திரிச்சாறு மக்கள் நாடோறும் விரும்பிப் பருகும் குடிநீர். கோவாவில் இப்பழத்தினின்று வடிக்கும் 'பெனி' என்னும் மதுவுக்கு 2009இல் புவிசார் குறியீடு பெற்றனர். மதுவுக்குப் பெற்ற சிறப்பை நல்ல சாற்றுக்குப் பெற இயலாதா? ஒரே நாளில் அழுகும் பழம் என்பதால் தொலைவிடத்துத் தொழிலகம் உதவாது; ஊர்தோறும் சிறு பிழிவகம் வேண்டும்.

ஓட்டெண்ணெய், கையை எரிக்கும் அதே எண்ணெய், தொழிலுலகில் அருமையானது. சூடேற்றினால் அதன் காடித்தன்மை நீங்கிக் 'கார்டனால்' என்னும் பொருளாக மாறும். ஊர்திகளின் தடைக்கட்டையிலும், வண்ணப்பூச்சிலும், மெருகெண்ணெயிலும், மரமும் படகும் உளுத்துப்போகாமல் காக்கும் பூச்சிலும் அது சேர்கின்றது. எண்ணெய் எடுத்த ஓடு எரிபொருள். செந்தோலில் தோல் பதனிடுவதற்கான துவர்ப்பொருள் உண்டு. இம்மரத்தில் வீணென்று தள்ளத்தக்கது எதுவுமில்லை.

புயலும் சந்தையும்

2011ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் 'தானே' புயல் கடலூர்க்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்தது. ஒரே விடியலில் தலைமுறை தலைமுறையாக நின்ற முந்திரித்தோப்புகளும் பலாமரங்களும் வேரோடு சாய்ந்தன. நெல் அழிந்தால் அடுத்த பருவத்தில் நட்டு மீளலாம். முந்திரி சாய்ந்தால், ஒட்டுக்கன்றே நட்டாலும் மூன்றாம் ஆண்டில்தான் காய்ப்பு. நிறைந்த விளைச்சலுக்கு எட்டுப் பத்து ஆண்டுகள் வேண்டும். அதுவரை குடும்பம் என்ன செய்யும்? நிலத்தை விற்றோரும் ஊரை விட்டு வேலை தேடிப் போனோரும் உளர். ஒரே பயிரை நம்பி முழு நிலத்தையும் ஒப்படைப்பதும், கவாத்தின்றிக் கிளையைக் கண்டபடி விரியவிடுவதும் எவ்வளவு இடர் என்பதை அப்புயல் உணர்த்திற்று.

சந்தையும் ஒரு புயலே. இந்தியத் தொழிலகங்கள் உடைக்கும் கொட்டையில் பெரும்பங்கு ஐவரிக்கோசுட்டு, தான்சானியா, கினிபிசாவு முதலான ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வருகின்றது. வியத்துநாம் பொறிகளைக் கொண்டு உடைத்துப் பருப்பு ஏற்றுமதியில் முன்னிற்கின்றது. அங்கெல்லாம் விலை அசைந்தால் பண்ணுருட்டி உழவனின் உலை அசைகின்றது. அறுவடையன்றே கடனுக்காகக் கொட்டையை விற்பவன், அவ்வசைவில் என்றும் கீழ்த்தட்டிலேயே நிற்கின்றான்.

செய்யத்தக்கவை

ஆகவே இவ்வவையின் முன் வைக்கத்தக்கன சில.

உழவர் ஊர்தோறும் கூடிப் பொதுக் களமும் பொதுச் சேமிப்பும் அமைத்தல் வேண்டும். உலர்ந்த கொட்டையை விலை வரும் வரையில் வைத்திருக்கும் வலிமை தனியொருவனுக்கு இல்லை, கூட்டத்திற்கு உண்டு. பழந்தோப்பில் ஆண்டுக்கு ஒரு பகுதியாக ஒட்டுக்கன்று மாற்றி நடுதல் வேண்டும். முந்திரியோடு பலாவும் பயறும் சேர்த்துப் பயிரிடுதல் வேண்டும். வானிலிருந்து தூவும் நஞ்சு எந்தப் பெயரில் வந்தாலும் மறுத்தல் வேண்டும்.

உடைக்கும் பெண்டிர்க்குக் கையுறையோடு, கையுறை அணிந்தும் குறையாத கூலியும் தருதல் வேண்டும். புகை போக வழியில்லாத கொட்டகையில் வறுப்பதைத் தடுத்தல் வேண்டும். தரக்குறியீடுகளை முழுப்பருப்பு, பிளவு, துண்டு, குருணை என்று தமிழில் எழுதி, ஒவ்வொன்றின் அன்றைய விலையோடு தொழிலக வாயிலில் தொங்கவிடுதல் வேண்டும். படிக்கத் தெரிந்த மகள் தாய்க்கு அதனைப் படித்துச் சொல்லட்டும்.

கடைக்காரர் பலகையில் முந்திரிப்பருப்பு என்றும், உலர்ந்த கொடிமுந்திரி என்றும் எழுதுதல் வேண்டும். வாங்குவோரும் அவ்வாறே கேட்டு வாங்குதல் வேண்டும். ஒருவர் கேட்பார், இருவர் கேட்பார். பத்தாமவர் கேட்கும்பொழுது கடைக்காரர் பலகையை மாற்றுவார்.

வேற்றுநிலத்து மரத்தைத் தமிழ்மண் வெறுக்கவில்லை. மணலில் இடம் தந்தது, மழையைத் தந்தது, மாவின் உறவு சொல்லி அணைத்தது, கணக்கிலும் கொடியிலும் இருந்த தன் சொல்லையே எடுத்துப் பெயராக அளித்தது. மரம் அந்நன்றியை மறவாமல் ஆண்டுதோறும் காய்க்கின்றது. பெயரிட்ட முன்னோரின் மரபில் வந்தோரே அப்பெயரைக் கைவிட்டு, அம்மரத்தின்கீழ் கையெரிய உழைக்கும் தாயையும் கைவிடுவாராயின், அவரினும் அம்மரம் உயர்ந்ததாகிவிடும். பெயரைக் காப்பதும் உழைப்பவரைக் காப்பதும் இருவேறு கடமைகள் அல்ல, ஒன்றன் இருபுறங்களே. இரண்டையும் ஒருங்கே செய்க!